மதில்மேற் பூனை

அன்பு என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் அன்பு எத்துணை, ஆளுகை எத்துணை என்று பிரித்தறிவது எளிதன்று. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அந்த அறிவு வாய்க்கின்றது. ஆயினும், அவர்கள் தோளுக்கு மேல் வளர்ந்து, வேற்றூர்ப் பேருந்தில் ஏறி அமர்ந்த பின்னரே பெரும்பாலும் வாய்க்கின்றது. எங்கள் இல்லத்திலோ அந்தப் பாடத்தை ஒரு பூனை முன்கூட்டியே தொடங்கி வைத்துவிட்டது. பூனையிடமா பாடம் கேட்பது என்று வாசகர்கள் நகைக்கலாம். நாய் நம் சொற்கேட்டு நடக்கும். ஆடும் மாடும் கயிற்றுக்கு அடங்கும். நம்மோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கியும் தன் விருப்பத்தை எளிதில் விட்டுக்கொடாத உயிர் பூனை. ஆதலின், விட்டுப் பிடிக்கும் கலையைக் கற்பிக்க அது தகுந்த ஆசானே என்று எண்ணுகின்றோம்.

பாளையங்கோட்டையில் நாங்கள் வாழ்வது ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னே தெரு, பின்னே கிணறும் முருங்கை மரமும் உள்ள சிறு புறவாசல், அதற்கு அப்பால் மதில். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மழையில், விறகுக் கட்டின் இடுக்கில் நடுங்கிக் கிடந்த மஞ்சள் நிற ஆண் குட்டி ஒன்றைப் பிள்ளைகள் கண்டெடுத்தனர். நெத்திலியை வேகவைத்துப் பிசைந்து ஊட்டினர். மணி என்று பெயரும் இட்டனர். தடுப்பூசிகள் முடியும் வரையில் வெளியே விட வேண்டா என்று கால்நடை மருத்துவர் கூறியிருந்தார். தெருவில் நாய்களும் ஆட்டோக்களும் மிகுதி. எனவே, மணி வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. ஏறத்தாழ எட்டு மாதம் அந்த வாழ்வு இரு சாராருக்கும் இனிதாகவே இருந்தது.

எட்டாம் மாதத்தில் அதன் போக்கு மாறிற்று. ஜன்னல் கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்தபடி நாள் முழுதும் அமர்ந்திருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அடித்தொண்டையிலிருந்து நீண்ட ஓலம் எழுப்பும். கொசுவலையைக் கிழித்தது. மீன்காரம்மா வந்து குரல் கொடுத்தால் முன்பெல்லாம் கூடையை நோக்கி ஓடும். இப்போதோ திறந்த கதவை நோக்கி ஓடிற்று. சாளை மீனின் தலையும் அதன் மனத்தை மாற்றவில்லை.

வீடு இரண்டு கட்சியாயிற்று. "வெளியே போனால் நாய் கடித்துவிடும், அதற்கு ஒன்றும் தெரியாது" என்றாள் மகள். "உள்ளேயே கிடந்தால் அதற்கு என்றைக்குமே ஒன்றும் தெரியாது, அம்மா" என்றார் ஆச்சி. இரண்டும் உண்மையே. அதனாலேயே முடிவெடுப்பது அரிதாயிற்று.

மருத்துவரிடம் கேட்டோம். ஆண் பூனை ஆறு மாதம் தாண்டியதும் இணை தேடித் திரிய முற்படும் என்றும், அக்காலத்தில் பிற ஆண் பூனைகளோடு சண்டையிட்டுக் காயம் படும் என்றும், கருத்தடை அறுவை செய்துவிட்டால் அவ்வேட்கை பெரிதும் தணியும் என்றும் அவர் விளக்கினார். "ஆனால், அறுவை செய்தாலும் பூனை பூனைதான். அது சுற்றிவரும் இடமெல்லாம் அதற்கு வீடு" என்றும் சொன்னார். கன்னத்தைக் கதவு நிலையிலும் நம் காலிலும் அது தேய்ப்பதை நாம் கொஞ்சல் என்று கருதுகின்றோம். கொஞ்சலும் அதில் உண்டு. அதனுடன், கன்னத்திலுள்ள சுரப்பிகளின் மணத்தை அங்கே பதித்து, 'இது எனக்குப் பழகிய இடம்' என்று அது குறித்துக்கொள்ளவும் செய்கின்றது. நாம் அதனை நம் உடைமையாகக் கருதியிருக்க, அதுவோ நம்மைத் தன் உடைமைகளின் வரிசையில் சேர்த்து வைத்திருக்கின்றது!

பூனைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவின் தொடக்கத்தை நோக்கினால் இது வியப்பன்று. மனிதன் உழுது பயிரிட்டுத் தானியத்தைச் சேர்த்து வைத்தான்; தானியத்தைத் தேடி எலி வந்தது; எலியைத் தேடிப் பூனை வந்தது. யாரும் அதனைக் கயிறு கட்டி இழுத்து வந்ததாகத் தெரியவில்லை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே, ஒரு முழத்துக்கும் குறைந்த இடைவெளியில், ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை அகழ்வாய்வாளர் கண்டு 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தீவு பூனையின் சொந்த நிலம் அன்று; ஆகவே, மனிதர் படகில் உடன்கொண்டு சென்றிருக்க வேண்டும். அப்பூனையின் வயதும் ஏறத்தாழ எட்டு மாதமே. தானே வந்து சேர்ந்த உயிரையும் மனிதன் தன்னருகே கிடத்தும் அளவுக்கு நேசித்திருக்கின்றான் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது.

ஆகவே, எங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். எவை எங்கள் கடமை, எவை மணியின் உரிமை என்று பிரித்துக்கொண்டோம். அறுவை சிகிச்சையும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், வேளை தவறாத உணவும் எங்கள் கடமை. மாலை ஏழு மணிக்கு உணவு வைத்து, உள்ளே வந்ததும் கதவை அடைத்து, இரவில் வீட்டிலேயே இருத்துவதும் எங்கள் கடமை. பூனைச் சண்டையும் வாகன விபத்தும் இரவிலே அஞ்சத்தக்கவை அல்லவா? பகலில் அது எவ்வழி செல்கின்றது, யாரைக் காண்கின்றது, எந்த நிழலில் உறங்குகின்றது என்பன அதன் உரிமை. அவற்றில் நாங்கள் தலையிடுவதில்லை.

அறுவையின் காயம் ஆறியபின், ஒரு காலைப் பொழுதில், அது பசியோடிருந்த வேளையில் புறவாசற் கதவைத் திறந்தோம். பசியோடு செல்லும் பூனை விரைவில் திரும்பும் என்பது மருத்துவர் சொன்ன உபாயம். மணி பாய்ந்தோடவில்லை. கிணற்றடியை முகர்ந்து, முருங்கையில் நகத்தைத் தீட்டி, மதிலின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. எந்தப் பக்கம் குதிப்பது என்று அறியாது தயங்குபவரை 'மதில்மேற் பூனை' என்று நாம் சொல்வதுண்டு. அன்று அதனை அரை மணி நேரம் கூர்ந்து நோக்கினோம். அது தயங்கவில்லை, காற்றை முகர்ந்தது, காதைத் திருப்பி ஒலிகளைக் கேட்டது, தெருவை அளந்தது. தயங்கி நின்றவர்கள் அடுக்களை வாயிலில் நின்ற நாங்களே. பின்பு அது அப்பால் குதித்தது. நடுப்பகலில் திரும்பி வந்து உண்டது.

வெளியே செல்லும் பூனை எங்கோ தொலைந்துவிடும் என்று நாம் அஞ்சுகின்றோம். 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு நாடுகளைச் சேர்ந்த 925 வீட்டுப் பூனைகளுக்கு இடங்காட்டும் கருவியைப் பொருத்தி அவற்றின் வழிகளைக் குறித்தனர். பெரும்பாலானவை தம் வீட்டைச் சுற்றி 100 மீட்டர் எல்லைக்குள்ளேயே பொழுதைக் கழித்தன என்று கண்டனர். நாம் காடு மலை என்று கற்பனை செய்து கலங்க, அதன் உலகமோ நான்கு கூரையும் இரண்டு முடுக்கும் மட்டுமே!

ஆயினும், அச்சத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு முறை, தொடர் விடுமுறை நாள்களில், மணி நான்கு இரவுகள் வீடு திரும்பவில்லை. மகன் சோற்றைத் தொடவில்லை. "திரும்பி வந்தால் இனிமேல் கட்டிப் போட்டுத்தான் வளர்க்க வேண்டும், அப்பா" என்றான். நாங்கள் அக்கம்பக்கத்தாரிடம் சென்று, பூட்டியுள்ள அறைகளையும் கொட்டகைகளையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு வேண்டினோம். காணாமற்போன பூனையைத் தேடுவோர் முதலில் செய்ய வேண்டுவது அதுவே. ஐந்தாம் நாள் காலை மணி வந்தது. மீசையில் ஒட்டடை, உடலெங்கும் தூசி, வயிறு ஒட்டிப் போயிருந்தது. விடுமுறைக்குப் பூட்டிய ஏதோ ஒரு கிடங்கினுள் அகப்பட்டிருக்க வேண்டும். கட்டிப் போடும் பேச்சை மகன் மீண்டும் எடுத்தபோது ஆச்சி சொன்னார்: "கட்டிப் போட்டால் அது இருக்கும், ஐயா. ஆனால், இப்போது வந்ததே, அப்படி உன்னைத் தேடி வராது." மகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு தானே எழுந்து சென்று தட்டில் மீனை வைத்தான். மறுநாள் கதவு முன்போலவே திறந்தது. அதைத் திறந்தவனும் அவனே.

மற்றொரு நாள், இரண்டு வீடு தள்ளி வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் எங்களை நிறுத்தினார். "தம்பி, மஞ்சள் பூனை உங்கள் வீட்டுப் பூனையா? நாங்கள் துரை என்றல்லவா கூப்பிடுகின்றோம்! பத்து மணிக்கு வந்து, என் நாற்காலிக்கு அடியில் படுத்துவிட்டுப் போகும். வீட்டில் பேச ஆளில்லாத எங்களுக்கு அது ஒரு துணை" என்றார். அதற்கு மற்றொரு பெயரும் மற்றொரு வீடும் உண்டென்று கேட்டபோது, உள்ளம் சற்று நோகத்தான் செய்தது. சோறு போடுபவர் நாம். மருந்துக்குச் செலவிடுபவர் நாம். இன்னொருவர் அதற்குப் பெயரிடுவதா? ஆனால், அந்த வீட்டின் தனிமையை எங்களால் தீர்க்க முடிந்ததா? கதவை அடைத்து வைத்திருந்தால் ஒரு முதியவரின் காலைப்பொழுது வெறுமையாகவே கழிந்திருக்கும். நம்முடையது என்று நாம் இறுகப் பற்றுவது பிறருக்கு எவ்வளவு பயன்படக்கூடியது என்பதை அன்று கண்டோம்.

இதைப் படிப்போர் எல்லாரும் தம் செல்லப் பிராணிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. நாயைத் தெருவில் விடுதல் பிறருக்கும் அதற்கும் தீங்கு. வாரில் பிடித்து நாள்தோறும் உலாவச் செய்தலே அதற்குரிய விடுதலை. எந்நேரமும் கட்டியே கிடக்கும் நாய்க்கு நடமாட்டம் அளிக்காதிருப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். மாடிக் குடியிருப்பிலும் பெருஞ்சாலை ஓரத்திலும் வாழ்வோர் பூனையை உள்ளேயே வைத்து, ஜன்னலருகே ஓர் இருக்கையும் நாளும் சிறிது விளையாட்டும் அளித்தால் அதுவும் நன்றாகவே வாழும். பூனையால் சிட்டுகளுக்கும் ஓணான்களுக்கும் விளையும் கேட்டையும் மறுப்பதற்கில்லை. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவில், 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டுமென்று விதித்துள்ளனர். இடமறிந்து, அயலாரையும் எண்ணி, அளவறிந்து விடுவதே முறை.

எனினும், எவ்விடத்திலும் பொருந்தும் உண்மை ஒன்றுண்டு. நம் பொறுப்பில் உள்ள உயிருக்கு நாம் செய்ய வேண்டியதை முழுமையாகச் செய்தல் வேண்டும். அதன்பின், அதற்கே உரிய வாழ்வை அதனிடம் விட்டுவிடவும் வேண்டும். முதலாவதைச் செய்யாது இரண்டாவதைச் செய்வது கைவிடுதல். முதலாவதைச் செய்து இரண்டாவதை மறுப்பது சிறைவைத்தல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியில் கவலை உண்டு. ஒரு நாள் திரும்பி வாராமற் போகலாம் என்னும் அச்சமும் உண்டு. அக்கவலையைச் சுமப்பது வளர்ப்பவரின் பங்கு. நாளை நம் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் புறப்படும்போது, நாழிகைக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்து அவர்களைக் கட்டிப்போடாமல், உண்டாயா என்று ஒரு வேளை கேட்டுவிட்டு அமைதியாய் இருக்க இந்தப் பழக்கம் உதவும்.