தாழொலி

குன்னூரின் பழைய வீடுகளில் அறைகள் சிறியவை. குளிருக்கு அஞ்சிக் கட்டியவை ஆதலால் சன்னல்களும் சிறியவையே. இத்தகைய அறைக்குப் புத்தக அலமாரியின் தட்டில் அடங்கிவிடும் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளே பொருந்தும். எங்கள் வீட்டிலும் பல்லாண்டுகளாக அவையே பாடி வந்தன. குரல் தெளிவாக வரும். வயலின் கண்முன் நிற்கும். ஆனால் மிருதங்கத்தின் வலந்தலை அருகில் பேச, இடந்தலையில் ரவை அப்பி வருவிக்கும் அந்தக் கும்கி மட்டும் எங்கோ அடுத்த தெருவில் ஒலிப்பதுபோல் மெலிந்து கேட்கும்.

காரணம் எளிது. ஒலி என்பது காற்றின் அசைவு. அது தாழத் தாழ, மிகுதியான காற்றை அசைத்தாக வேண்டும். விநாடிக்கு 80 அதிர்வுள்ள ஒலியை எழுப்பும் ஒரு கூம்பு, அதே வலிமையில் 40 அதிர்வுள்ள ஒலியைத் தர வேண்டுமானால் நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் சென்றுவர வேண்டும். 20 அதிர்வுக்குப் பதினாறு மடங்கு. ஐந்து அங்குலக் கூம்பினால் அது இயலாது. டபுள் பாஸ் என்னும் பெருவயலினின் கடைசித் தந்தி 41 அதிர்வில் ஒலிக்கிறது. பேராலயங்களின் 16 அடி ஆர்கன் குழாய் 33க்கு இறங்குகிறது. சிறு பெட்டிகளோ 60, 70க்குக் கீழே மெல்ல மௌனமாகிவிடுகின்றன.

இந்தக் குறையோடு நாங்கள் மன நிறைவாகவே வாழ்ந்திருப்போம். எங்கள் தந்தையாரின் செவிதான் எங்களை வேறுவிதமாக எண்ண வைத்தது. இளமையில் பங்கின் பாடகர் குழுவில் தாழ்குரல் பாடியவர் அவர்; இன்று எண்பதைக் கடந்துவிட்டார். முதுமை நம் செவியிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வது உயர்ந்த ஒலிகளையே. பறவையின் கீச்சொலியும் பூசை மணியின் கிணுகிணுப்பும் போன பிறகும் தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தங்கியிருக்கும். அவர் கேட்க இயலாதவற்றை எங்கள் பெட்டிகள் நன்றாகப் பாடின; அவர் கேட்கக்கூடியவற்றை அவை பாடவே இல்லை. ஜெகத் கஸ்பார் அடிகளாரின் முயற்சியால் தமிழ் மையம் 2005இல் வெளியிட்ட இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு முழுவதும் அறைக்குள் நின்று வாசிக்க, “பாட்டுப் போட்டாச்சா?” என்று கேட்டார் தந்தையார். அந்த வாரமே கோயம்புத்தூருக்கு இறங்கி ஒரு சப்-ஊஃபரை வாங்கி வந்தோம்.

தாழ்ந்த ஒலியை மட்டுமே எழுப்புகிற பெரிய பெட்டி அது. பொதுமக்கள் இத்தகைய ஒலியைப் பெரிய அளவில் முதலில் உணர்ந்தது 1974இல் வெளிவந்த ‘எர்த்குவேக்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில்தான் எனலாம். நிலநடுக்கக் காட்சியில் இருக்கைகள் அதிரும்படி திரையரங்குகளில் மாபெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கினார்கள். நிலநடுக்கத்தில் இறைவனைக் காணாத எலியாவின் நினைவு நமக்கு வராமல் போகாது. ஓசை மிகுந்த கருவிகள்மீது திருச்சபைக்கும் நெடுங்கால ஐயம் உண்டு. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முழவு, கைத்தாளம் போன்றவற்றையும் ஆலயத்திலிருந்து விலக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு 1963இல் அந்தந்த மக்களின் இசைக்கு வாயிலைத் திறந்தது. பின்னர் தவிலும் பறையும் நம் பீடங்களின் அருகே வந்தன. தந்தையார் இரண்டு காலத்தையும் பாடியவர். பறை வந்த காலமே நல்ல காலம் என்பது அவருடைய கட்சி. எங்கள் கட்சியும் அதுவே.

பெட்டியை வாங்குவது எளிது, வைப்பதுதான் கடினம். 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆகவே எந்த மூலையிலும் வைக்கலாம் என்பார்கள். ஆனால் அறை அதை ஒப்புவதில்லை. எங்கள் கூடத்தின் நீளம் பதினான்கு அடி. 40 அதிர்வுள்ள ஒலியலையின் பாதி நீளமும் ஏறத்தாழ அதுவே. ஆதலால் அந்த ஒலி இரு சுவர்களுக்கிடையே நின்றுவிடுகிறது. சுவரோரம் முழங்கும், நடுவே வந்தால் காணாமற்போகும். தந்தையாரின் நாற்காலியோ சரியாக நடுவில் இருந்தது! அதை இரண்டடி பின்னுக்கு நகர்த்தினோம். பிறகு சப்-ஊஃபரையே நாற்காலியில் ஏற்றிப் பாடவிட்டு, தரையில் தவழ்ந்து, தாழொலி சீராகக் கேட்கும் இடத்தைத் தேடினோம். அவ்விடத்தில் பெட்டியை வைத்தால் நாற்காலியிலும் அவ்வாறே கேட்கும் என்பது நியதி. செபமாலைக்கு முழந்தாளிடத் தயங்கும் கால்கள் அன்று அரைமணி நேரம் தவழ்ந்தன. கடைசியாக, சிறு பெட்டிகள் ஓய்கிற இடத்தில் பெரியது தொடங்குமாறு அதன் திருகைத் திருப்பி, தனியே ஒரு பெட்டி ஒலிக்கிறது என்ற உணர்வே மறையும்வரை அதன் உரப்பைக் குறைத்துக்கொண்டே வந்தோம். நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையைப் பதித்தபடி, “இப்போ வருது” என்றார் தந்தையார்.

நாங்கள் இருப்பது மேல்தளம். கீழே வேறொரு குடும்பம். இடையே மரப்பலகைத் தளம். அந்தக் குடும்பத்தலைவர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். பகலில் பறித்த கொழுந்து இரவில் வாடி, விடியுமுன் எந்திரத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே அவருடைய உறக்கம் பகலில். பெட்டியை வீட்டில் நிலையாக வைத்துக்கொள்ளுமுன் எங்களில் ஒருவர் மேலே இசையை ஓடவிட, மற்றவர் கீழே அக்காவின் அடுக்களையில் போய் அமர்ந்தோம். வயலின் இல்லை, குரல் இல்லை, மணிவாசகரின் ஒரு சொல்லும் இல்லை. கனமான தளமும் சுவரும் உயர்ந்த ஒலிகளைத் தடுத்துவிடுகின்றன. தாழ்ந்தவை ஊடுருவிச் செல்கின்றன. மேலே இசையாக இருந்ததன் அடிப்பகுதி மட்டும் பெயர்ந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. “பாட்டு ஒண்ணும் கேக்கல. யாரோ சுவருக்குள்ள உரல் இடிக்கிற மாதிரி இருக்கு” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளறையில் அவர் கணவர் புரண்டு படுக்கும் ஓசை எங்களுக்குக் கேட்டது.

சட்டத்தை நாடினால் நாங்கள் குற்றமற்றவர்களே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் விதிக்கின்றன. அந்த அளவுமுறை செவியின் இயல்பைப் பின்பற்றித் தாழொலியை வெகுவாகக் குறைத்துக் கணக்கிடுகிறது. 40 அதிர்வுள்ள ஒலிக்கு ஏறத்தாழ 35 டெசிபலைக் கழித்துவிடுகிறது. கருவி அமைதி என்று காட்டும் வேளையிலும் ஒருவருக்குத் தலையணை அதிரலாம். அன்றியும் சட்டத்தின் இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. அவருடைய இரவோ காலை எட்டுக்கு. நம் பங்குத் திருவிழாக்களில் லாரியளவு அடுக்கப்படும் பெட்டிகளைப் பற்றியும் இவ்விடத்தில் எழுதலாம். எழுதினால் இந்த இதழின் பக்கங்கள் போதா.

பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் பாளங்களை இட்டோம். மரத்தளத்தின் நடுக்கம் குறைந்தது. காற்றின் வழியே இறங்கும் ஒலி குறையவில்லை. எனவே மற்றதை அக்காவிடம் பேசித் தீர்த்துக்கொண்டோம். பகல் முழுவதும் சப்-ஊஃபரின் மின்சாரம் அணைந்தே இருக்கும். சிறு பெட்டிகள் மட்டும் பாடும். பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் வாரங்களில் மாலையிலும் அது ஊமைதான். தந்தையாருக்கு இதில் சிறு வருத்தம் உண்டு. பகலில்தான் தமக்கு உறக்கம் வருவதில்லை என்பார்.

மாலை ஆறரைக்குக் கீழ்க்கதவு சாத்தப்படும். தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக அவர் படியிறங்கிப் போவது சன்னலில் தெரியும். சற்றுப் பொறுத்து அக்காவின் குரல் மேலே வரும்: “அவரு கிளம்பிட்டாரு. அப்பாவுக்குப் போடுங்க.” தந்தையார் அதற்குள் காலுறைகளைக் கழற்றி, வெறும் பாதங்களைப் பலகையின்மேல் வைத்துக் காத்திருப்பார்.