மறுபடியும் பிள்ளையார் சுழி

கடிதம் எழுத உட்காருகிறவர் காகிதத்தின் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். பிறகு, "உபய க்ஷேமம்" என்று தொடங்கி, மெள்ள விஷயத்துக்கு வருவார். ஆனால், சுழியைப் போட்டதும் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, இன்னொரு காகிதத்தை எடுத்து அதிலும் சுழியை மட்டும் போட்டு, அதையும் கிழித்து, இப்படியே விடிய விடியச் செய்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்தால் என்ன செய்வோம்? கைத்தாங்கலாக அழைத்துப் போய் நல்ல வைத்தியரிடம் காட்ட மாட்டோமா?

2024-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி, வியாழக்கிழமை காலையில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சாக்ஷாத் இந்த நிலைமையில்தான் இருந்தது.

முதல் நாள் இரவு, "அப்டேட் வந்திருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யலாமா?" என்று அது மரியாதையாகக் கேட்டது. நானும் நல்ல பிள்ளையாகச் சம்மதம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால், கம்பெனிச் சின்னம் தோன்றுகிறது, அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் ஒரு நீலம், உடனே இருட்டு. மறுபடியும் சின்னம், புள்ளிகள், நீலம், இருட்டு!

காபியுடன் வந்த என் சம்சாரம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னது இது? திரும்பத் திரும்பப் பிள்ளையார் சுழியே போட்டுண்டிருக்கு!" என்றாள்.

"அப்டேட் ஆகிறது. தானே சரியாகிவிடும்" என்றேன் சாவதானமாக.

"உள்ளே அம்மா பாட்டெல்லாம் இருக்கே?"

"இருக்கும், இருக்கும்."

"போகட்டும். என் போனிலேயும்தான் இருக்கே, கவலை என்ன?" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் 2023-ம் வருஷம் கார்த்திகையில் காலமானார். அதற்கு முந்தைய கோடையில் எங்களோடு மாயவரத்தில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். மத்தியான வேளைகளில் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, தாலாட்டும் நலங்குப் பாட்டும் அம்மானையுமாகப் பாடுவார். எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத பாட்டுக்கள். அவருடைய பாட்டியிடம் கேட்டுப் பாடம் செய்தவை. அவற்றையெல்லாம் என் சம்சாரம் தன் போனில் பதிவு செய்து வைத்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று பாட்டுக்கள்.

சித்திரை மாதம் அவளுடைய போன், "இனி இடமில்லை" என்று மக்கர் செய்தது. கெட்டிக்காரனான நான் என்ன செய்தேன்? பாட்டுக்களை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து துடைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. ஆக, அந்தக் குரல் உலகத்தில் இருந்தது ஒரே ஓர் இடத்தில். அந்த இடமோ இப்போது சுழி போட்டுக்கொண்டிருந்தது!

அடுத்த புதன்கிழமை வருஷத் திதி. அவளுடைய தங்கைகள் மூன்று பேரும் திருச்சியிலிருந்தும், பெங்களூரிலிருந்தும், பம்பாயிலிருந்தும் வருகிறார்கள். அன்று சாயங்காலம் எல்லோருமாக உட்கார்ந்து அம்மாவின் பாட்டுக்களைக் கேட்பதாக ஏற்பாடு.

கம்ப்யூட்டரை இடுக்கிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். "ஃபார்மட் அடிச்சுடலாம் ஸார். ஒரு மணி நேர வேலை; புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்.

"உள்ளே இருப்பதெல்லாம்?"

"அது போயிடும் ஸார்."

வெட்கத்தைவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த க்ஷணத்தில் எனக்குள் ஒரு சபலம் தட்டியது. ஃபார்மட் செய்தால் பழி கம்ப்யூட்டரைச் சேரும்; "பாழாய்ப் போன யந்திரம் விழுங்கிவிட்டது" என்று நானும் கூட உட்கார்ந்து வருத்தப்படலாம்! ஆனால், ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலி எங்கிருந்தோ காதில் விழுந்தது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று திரும்பி வந்துவிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண் என்ஜினீயரிங் மூன்றாவது வருஷம் படிக்கிறாள். பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றாள். கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

"சதவிகிதக் கணக்கு ஏதாவது ஓடறதா மாமா? முப்பது, நாற்பது என்று?"

"இல்லை. நீலம் வருகிறது, போய்விடுகிறது."

"கணக்கு ஓடினால் தொடவே கூடாது. அப்டேட்டின் நடுவில் இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆவது சகஜம். மணிக்கணக்கானாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால், இது அது இல்லை. தடுக்கி விழுகிறது, எழுந்து மறுபடியும் ஓடி, அதே இடத்தில் விழுகிறது. விழுந்த இடத்தைச் சொல்வதற்குள் எழுந்துவிடுகிறதே, அதுதான் தொந்தரவு. அந்த நீலத் திரையில் காரணம் எழுதியிருக்கும். படிக்க விடாமல் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. முதலில் இதை நிற்க வைக்க வேண்டும்."

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நானும் அந்தக் காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் சம்சாரம், "பாட்டு கிடைச்சுதா?" என்று கேட்கும் போதெல்லாம், திதிக்கு வாத்தியார் வருவாரா, வாழை இலை எத்தனை என்று புதிதாக எதையாவது ஆரம்பித்தேன். ஒரு தடவையாவது நின்று, விஷயத்தைச் சொன்னேனா?

அந்தப் பெண் காரியத்தில் இறங்கினாள். பிரிண்டர், மவுஸ் எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கினாள். சின்னம் தோன்றியவுடன் மின்சாரப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்தாள். இப்படி இரண்டு தரம். மூன்றாவது தரம் கம்ப்யூட்டர் தானே ஒரு வைத்தியசாலைத் திரையைக் கொண்டு வந்து நிறுத்தியது. "விண்டோஸ் இப்படித்தான் மாமா. தொடர்ந்து சில தடவை சரியாகத் தொடங்கவில்லை என்றால், 'நமக்கு ஏதோ கோளாறு' என்று தானே புரிந்துகொள்ளும்" என்றாள். அதில் 'ட்ரபிள்ஷூட்', உள்ளே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்கும் உள்ளே 'ஸ்டார்ட்அப் ஸெட்டிங்ஸ்' என்று பெருமாள் கோயில் பிராகாரம் போல் போய்க்கொண்டே இருந்தது.

திடீரென்று கம்ப்யூட்டர் வழி மறித்தது: 'சாவி எண்ணைக் கொடு, நாற்பத்தெட்டு இலக்கம்!'

"உள்ளே இருக்கிற தெல்லாம் பூட்டி வைத்திருக்கிறது மாமா. திருடன் எடுத்துப் போனாலும் படிக்க முடியாதபடி பந்தோபஸ்து. உங்களிடம் அந்த எண் இருக்கிறதா? கணக்குத் தொடங்கிய ஈமெயிலும் பாஸ்வேர்டும் இருந்தாலும் என் போனில் எடுத்துவிடலாம்" என்றாள்.

பாஸ்வேர்டா? எனக்கு என் மூக்குக் கண்ணாடி இருக்கும் இடமே நினைவில் நிற்பதில்லை! விழித்தேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் சம்சாரம் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். பழைய கோல நோட்டுப் புஸ்தகத்துடன் திரும்பி வந்தாள். "வாங்கின அன்னிக்கு அந்தப் பையன் குறிச்சுக்கச் சொன்னான். நீங்க, 'இதெல்லாம் எதுக்கு'ன்னேள். நான் எழுதி வெச்சேன்" என்றாள். பதினைந்து புள்ளிக் கோலத்துக்குப் பக்கத்தில், ஆறு ஆறு இலக்கமாக எட்டு வரிசை, முத்து முத்தாக!

எண்ணைப் போட்டதும் கதவு திறந்தது. ஒன்பது வரிகள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. கடைசி வரி, 'கோளாறு வந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகாதே' என்பது. அந்தப் பெண் 9 என்ற எண்ணைத் தட்டினாள். சின்னம், புள்ளிகள், நீலம். இந்தத் தடவை நீலம் அப்படியே நின்றது! அதன் அடியில் ஒரு பெயர்.

"மாமா, இது ஓர் ஆன்டி வைரஸின் பெயர். விண்டோஸில் ஏற்கனவே ஒன்று உண்டே, இது எங்கிருந்து வந்தது?"

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன். ஐப்பசி மாதப் பிறப்பன்று, 'இலவசம்' என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து நான்தான் ஏற்றினேன். ஒரு காவலுக்கு இரண்டு காவலாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்!

"ஒரே சமையலறையில் இரண்டு மாமியார் மாதிரி ஆகிவிட்டது" என்று சிரித்தாள் அவள். "இந்தக் காவல்காரர்கள் வாசலில் நிற்பவர்கள் இல்லை மாமா, இயங்குதளத்தின் அடித்தளத்திலேயே குடியிருப்பவர்கள். அப்டேட் அங்கே ஒரு படியை இடம் மாற்றிவிட்டது போலிருக்கிறது. பழைய படி இருக்கிறது என்று எண்ணி இவர் இருட்டில் கால் வைக்கிறார். எல்லோரும் சேர்ந்து விழுகிறார்கள்."

மறுபடியும் அதே பட்டியலுக்குப் போய், இப்போது 4 என்ற எண்ணைத் தட்டினாள். அதற்கு 'ஸேஃப் மோட்' என்று பெயர். வயிற்றுக் கோளாறுக்காரருக்கு வெறும் கஞ்சி கொடுத்துப் பார்ப்பதில்லையா? கஞ்சி தங்கினால் வயிறு சரி. கூட்டிலோ கறியிலோதான் கோளாறு. அது போல, அத்தியாவசியமானவற்றோடு மட்டும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். எங்கள் கம்ப்யூட்டர் எழுந்தது, எழுந்து நின்றது!

நான், "உடனே அந்தக் காவல்காரனைத் துரத்து" என்றேன்.

"முதலில் பாட்டி. அப்புறம்தான் ரிப்பேர்" என்று அவள் பென் டிரைவைச் செருகினாள். எண்ணிப் பார்த்தோம். நாற்பத்து மூன்று. ஸேஃப் மோடில் ஒலி வராதாம். அதற்கு வேண்டிய சாதனங்களும் பத்தியத்தில் சேர்த்தி இல்லை. எதிர் வீட்டுக்கு ஓடிப் போய்த் தன் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து அதில் போட்டாள்.

கூடத்தில் ஊஞ்சல் கிறீச்சிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் மாமியார் பாட ஆரம்பித்தார்.

என் சம்சாரம் ஈரக் கையுடன் வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிகிற வரையில் அசையவில்லை. இனிமேலும் சுழி போட்டுக்கொண்டிருக்க எனக்குத் திராணி இல்லை. போனில் துடைத்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "துடைச்சது தப்பில்லே. இடமில்லாத போது யாரும் செய்யறதுதான். காலம்பற நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள். அன்று சாயங்காலக் காபியில் சர்க்கரை இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாவது காவல்காரரை வெளியேற்றுவதற்கென்றே அதன் கம்பெனியார் ஒரு சிறு புரோகிராம் வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு வந்து வேலையை முடித்தாள் அந்தப் பெண். நீலத் திரையில் பெயர் தெரியாமல் போயிருந்தால், கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் திரும்ப எடுக்கும் வழியும் அதே வைத்தியசாலைத் திரையில் உண்டு என்று காட்டினாள். ஃபார்மட் என்பது எல்லாக் கதவும் மூடிய பிறகு தட்ட வேண்டிய கதவு!

"இனிமேல் இந்த அப்டேட் சகவாசமே வேண்டாம். அடியோடு நிறுத்திவிடு" என்றேன்.

"ஐயையோ! 2017-ம் வருஷம் மே மாதம் 'வான்னாக்ரை' என்று ஒரு வைரஸ் வந்ததே, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்துப் போயின."

"அப்படியானால் வந்ததையெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டுமா?"

"அதிலும் ஆபத்து உண்டு. இந்த ஜூலை 19-ந் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் படுத்தன, விமானங்கள் கிளம்பவில்லை. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் விண்டோஸ் அப்டேட் வெளியாகும். நமக்கு அநேகமாகப் புதன்கிழமை. வேண்டுமானால் நாலு நாள் தள்ளிப் போடுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால், முக்கியமானதற்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். அதுவும் வேறே இடத்தில்."

புதன்கிழமை தங்கைகள் வந்தார்கள். ஆளுக்கொரு பென் டிரைவ். ஆக, மாமியாரின் குரல் இப்போது நாலு ஊரில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். பதினேழாவது பாட்டில், நடுவே ஓர் அடி மறந்து போய் மாமியார் நிறுத்திவிட்டார். ஊஞ்சல் மட்டும் ஆடுகிற சத்தம். பிறகு, "இருடி, மறந்து போச்சு. முதல்லேருந்து வரேன்" என்று ஒரு சிரிப்பு, மறுபடியும் முதல் அடி.

நாலு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். ஒரே சமயத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஏதோ தூசி விழுந்தது.