திண்ணையில் நிற்கும் மிதிவண்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் என் தங்கை வாழ்ந்து வருகிறாள். அண்மையில் அவள் இல்லம் சென்றிருந்தபோது, திண்ணையில் ஒரு மிதிவண்டி சாக்குப் போர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்பில் அவள் மகளுக்கு அரசு வழங்கிய வண்டி. சங்கிலியில் துரு ஏறியிருந்தது.

"ஏனம்மா, இப்போது ஓட்டுவதில்லையா?" என்று கேட்டேன்.

"நீங்களே எடுத்துச் சென்றுவிடுங்கள் மாமா. வாப்பா இனி விட மாட்டார்கள்" என்றாள்.

காரணம் அறிய வெகுநேரம் ஆகவில்லை. வீடு சாலைக்குக் கிழக்கே, பள்ளி மேற்கே. முன்பு இருவழிச் சாலையாக இருந்தபோது, பேருந்து ஒன்று கடந்த பின் அடுத்தது வரும்வரை ஆட்டு மந்தையே கடந்துவிடும். அண்மை ஆண்டுகளில் அது நான்கு வழிச் சாலையாயிற்று. இருமருங்கும் நின்ற புளியமரங்கள் போயின. நடுவே தடுப்புச் சுவர் வந்தது. கடக்கும் இடத்திற்குச் செல்ல ஒன்றரைக் கிலோமீட்டர் எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். அவ்வாறு சென்ற ஊர்க்காரர் ஒருவர் லாரி மோதி மவுத்தானார். மறுநாளே மைத்துனர் வண்டிக்குச் சாக்குப் போர்த்திவிட்டார். இப்போது மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து வேனில் அனுப்புகிறார். வேன் வராத நாளில் பள்ளி இல்லை. "பள்ளிக்கே இந்தப் பாடு என்றால், சிதம்பரத்திற்குக் கல்லூரிக்கு எப்படி அனுப்புவது, மச்சான்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

கட்டட வரைபடம் வரைந்து பிழைத்தவன் நான். சென்னைக்கு அருகே 2000 ஏக்கரில் புதிய நகரம் ஒன்று அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்ததைப் படித்தபோது, அந்நகரில் இப்பெண் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்ல இயலுமா என்பதே எனக்குத் தோன்றிய முதல் கேள்வி. விடை தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை என்று பட்டது. நம் மாவட்டத்திலேயே திட்டமிட்டுக் கட்டிய நகரம் ஒன்று உண்டல்லவா? குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிக்குப் பேருந்து ஏறினேன்.

நெய்வேலி எனக்குப் புதிதன்று. என் சிறிய தந்தையார் அங்கே பணிபுரிந்தவர். சிறுவனாக விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் என்னை வியப்பில் ஆழ்த்தியது சுரங்கம் அன்று. பணிநேரம் மாறும் வேளையில் சாலையை நிறைத்து வரும் மிதிவண்டிக் கூட்டமே. கேரியரில் சோற்றுப் பாத்திரம், ஹேண்டில் பாரில் பை, இருட்டினால் டைனமோ விளக்கின் முணுமுணுப்பு. நான் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றதும் அந்த வட்டங்களின் உட்தெருக்களில்தான். விழுந்து எழுந்தபோதெல்லாம் முழங்காலுக்குத்தான் ஆபத்தே தவிர, உயிருக்கு ஆபத்து இருந்ததில்லை.

1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பணியாளர்கள் குடியிருக்க எழுந்த நகரியத்தை வட்டம் வட்டமாகப் பிரித்தார்கள். கடை, பள்ளி, விளையாட்டுத் திடல் யாவும் வீட்டிலிருந்து மிதிக்கும் தூரத்தில் அமைந்தன. பெரிய சாலைகள் வட்டங்களுக்கு வெளியே ஓடின. உள்ளே வீட்டுக்காரர்களின் வண்டிகளே வந்து போயின. எங்கும் மரம் நட்டார்கள். 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல் அக்காலத்தவர் அறியாதது. பெரும்பாலானோரிடம் மிதிவண்டியைத் தவிர வேறு வண்டி இல்லை. ஆகவே அதற்கேற்ற நகரைக் கட்டினார்கள்.

இம்முறை சென்றபோது மோட்டார் சைக்கிள்களே மிகுதியாகக் கண்ணில் பட்டன. ஆயினும் மாலையில், தலையில் முக்காடிட்ட சிறுமியர் இருவர் பேசிக்கொண்டே மிதிவண்டியில் சென்றதைக் கண்டேன். அவர்களைக் கண்காணிக்கப் பின்னால் எவரும் வரவில்லை.

இந்நகரை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது நேர்மையாகாது. இந்நிழலுக்காகத் தம் நிலத்தை இழந்த ஊர்கள் பல. 2023-ஆம் ஆண்டு ஜூலையில், வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோர் மறந்திருக்க மாட்டார்கள். புதிய நகரம் எங்கே எழும் என்று கேட்பதற்கு முன், அங்கே இப்போது யார் உழுகிறார் என்று கேட்க வேண்டும். கடலூருக்கு வடக்கே, புதுவையை அடுத்த ஆரோவிலிலும் இதையொத்த ஒரு வழக்கு உண்டு. 1968-இல் ஐம்பதாயிரம் பேருக்காக ரோஜர் ஆஞ்சே வடிவமைத்த நகரம் அது. வரைபடத்தில் அன்றே குறித்த வட்டச் சாலைக்காக, இடையில் வளர்ந்துவிட்ட காட்டை அழிப்பதா என்று 2021 டிசம்பரில் மூண்ட பூசல் நீதிமன்றம் வரை சென்றது. காகிதத்தில் கோடு இழுப்பது எளிது. என் தொழிலே அதுதான், எனக்குத் தெரியும்.

நெய்வேலியிலிருந்து திரும்பியவன், மறுநாள் சிதம்பரம் சென்றேன். லால்கான் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு நான்கு வீதிகளையும் சுற்றி நடந்தேன். நகரமைப்பு வல்லுநர் எவரும் வரையாத பழைய ஊர். கடைத்தெரு, வீடு, வழிபாட்டிடம் எல்லாம் கால்நடையில் எட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் வீதிகளில் கார்கள் நிறுத்தப்பட்டு, மிதிவண்டிக்காரர் நடுவீதிக்குத் தள்ளப்படுகிறார். இருப்புப்பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர். 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் விடுதிகளும் வகுப்பறைகளும் ஒரே வளாகத்தில் பரந்து கிடப்பதால், மாணவர்கள் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கி, படிப்பு முடிந்ததும் அடுத்து வருபவருக்கு விற்றுச் செல்வது வழக்கமாக இருந்தது. என் தங்கை மகள் ஒருகால் இங்கே சேர்ந்தால், வளாகத்திற்குள் அச்சமின்றி ஓட்டுவாள். அவளை அஞ்ச வைப்பது இடையிலுள்ள நெடுஞ்சாலைதான்.

இத்தகைய இடர்ப்பாட்டைத் தீர்த்த ஊர் ஒன்றைக் குறித்துப் படித்திருக்கிறேன். நெதர்லாந்தில் ஊட்ரெக்ட் நகருக்கு அருகே ஹௌட்டன் என்ற சிற்றூரை 1960-களின் இறுதியிலிருந்து புதிய நகராக வளர்த்தபோது, ராப் டெர்க்ஸ் என்னும் வடிவமைப்பாளர் ஒரு விந்தை செய்தார். ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் செல்பவர் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும்; மிதிவண்டியில் செல்பவரோ நேராகப் போகலாம். காரைத் தடை செய்யவில்லை. சுற்ற வைத்தார், அவ்வளவே. எங்கள் சாலையில் இதற்கு நேர்மாறு: கார் நேராகப் பறக்கிறது, பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றுகிறது.

"அது வெள்ளைக்காரன் ஊர், நம் பெண்களுக்கு ஏன்?" என்று கேட்போர் நம்மில் உண்டு. அவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டுவேன். 1991-ஆம் ஆண்டை ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தனர். கேலி பேசிய ஆண்களும் இருந்தார்கள். குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்பதால் ஆண்கள் வண்டியையே பல பெண்கள் விரும்பினர் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிறரை எதிர்பார்த்து நின்றவர்கள், தாமே புறப்பட்டார்கள். மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது 2001-க்குப் பின்னர். வண்டி கொடுத்தாயிற்று, அதை ஓட்டிச் செல்லும் வழி எங்கே என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

எங்கள் ஊருக்குத் தேவையானது பெரிதொன்றுமில்லை. மிதிவண்டியும் நடப்போரும் மட்டும் செல்லும் சுரங்கப்பாதைக்கு இரண்டரை மீட்டர் உயரம் போதும். லாரி செல்லும் உயரம் வேண்டியதில்லை. இருபுறமும் ஏறி இறங்கச் சரிவு, மழைநீர் தேங்காமல் வடிய வாய்க்கால், இரவுக்கு விளக்கு. நானே ஒரு படம் வரைந்தேன். ஜமாஅத்தாரும் ஊராட்சி மன்றத்தாரும் அதை இணைத்து மனு எழுதினார்கள். கிழக்குத் தெரு இந்துச் சகோதரர்கள் எங்களுக்கு முன்பே கையொப்பமிட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பள்ளிதானே.

மனுவைக் கொடுத்து வந்த மாலையில், மிதிவண்டியைப் பங்சர் கடைக்குத் தள்ளிச் சென்று ட்யூப் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை மட்டும் மடித்து உள்ளே வைத்தார். மஃரிபுக்குச் சற்று முன்புவரை தெருவுக்குள்ளேயே சுற்றி வந்தாள் பெண். நெடுஞ்சாலை முனை வரை ஒருமுறை சென்று, ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சற்றுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.