நின்றுபோனால் நம் வேலை, நிற்காமல் போனால் பட்டறை வேலை

புதுச்சேரி – கடலூர் சாலையில் தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடலோரமாக இருக்கிறது பூரணாங்குப்பம். அங்கே கொஞ்சம் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி ஒருவரிடம் 2006-ம் வருடத்து மாருதி 800 கார் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, சில நாள் தேங்காய் மூட்டைக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான். 1983 டிசம்பரில் வந்த இந்த ரக காரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும், உதிரிபாகம் கிடைக்கிறது. பிரித்துப் பார்க்கவும் எளிது. அதனால்தான், ‘எல்லாத்தையும் நாமே செஞ்சுக்கலாம்’ என்ற தைரியமும் அவருக்கு வந்தது.

ஒரு பட்டறையில் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியதற்கு, பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகக் கேட்டார்கள். அன்றே ஸ்பேனர் செட் வாங்கிவிட்டார். 796 சி.சி. இன்ஜின், மூன்றே பிளக். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, புதியதை முதலில் கையால் திருகி, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டார். பிறகு இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர். உப்புக்காற்றில் பூத்துப்போகும் பேட்டரி முனையை, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தார். வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துரு ஏறாமல் பார்த்துக்கொண்டார். எதிலும் குறையில்லை.

அடுத்து, பின் சக்கர டிரம்மில் பிரேக் ஆயில் கசிந்தது. “ரப்பர் கிட்டுதானே, நூத்துக்கணக்குலதான் ஆகும்” என்று தனியாளாக மாற்றினார். மறுநாள் மகளோடு கிளம்பினார். தவளக்குப்பத்தில் பள்ளி விடும் நேரம். மிதித்த பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போனது. “அப்பா!” என்று மகள் கத்த, இரண்டு மூன்று முறை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த மாணவிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

வேறொரு பட்டறைத் தம்பி வந்து பார்த்தார். “வேலை சரியாத்தான் செஞ்சிருக்கீங்க மாமா. காத்தை மட்டும் முழுசா எடுக்கல. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும். நீங்க மிதிச்சதெல்லாம் காத்தை அமுக்கவே போயிடுச்சு” என்றார். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்து மூடி, குமிழ் வராத வரை ஆயிலை வெளியேற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

அன்று இரவு அவர் மனைவி கேட்டார்: “ஏங்க, ஃபுட்வால்வு குப்பையை நீங்களே எடுக்கறீங்க. மோட்டார் காயில் எரிஞ்சா மட்டும் வைண்டிங் கடைக்குத்தானே தூக்கிட்டுப் போறீங்க. காருக்கு மட்டும் ஏன் வேற கணக்கு?”

அந்தக் கேள்விதான் அவருக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. நாம் செய்த வேலை தப்பினால் வண்டி நின்றுபோகுமா, நிற்காமல் போகுமா? பிளக், ஃபியூஸ், பல்பு, பேட்டரி, ஏர் ஃபில்டர் என்றால், தப்பினாலும் பெரும்பாலும் வண்டி நின்றுபோகும், தள்ளிக்கொண்டாவது வரலாம். இவை வீட்டு வேலை. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பெட்ரோல் கசிவு ஆகியவற்றில் தப்பினால் உயிருக்கு ஆபத்து. அவை பட்டறை வேலை. டைமிங் பெல்ட் தப்பினாலும் வண்டி நின்றுதான் போகும். ஆனால், ஒரு பல் தள்ளி மாட்டினாலே இன்ஜின் சரியாக ஓடாது. அதையும் தெரிந்தவரிடம் விட்டுவிட்டார்.

வீட்டு வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதில்லை; சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதில்லை. கழிவு ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றாமல், கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுக்கிறார். என்ன மாற்றினோம், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்பது உரக்கணக்கு எழுதும் நோட்டிலேயே இருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பரிசோதனைக்குக் கிளம்பும் முன் அந்த நோட்டைப் புரட்டினால் போதும், எது பாக்கி என்று தெரிந்துவிடும்.

இப்போதும் ஸ்பேனர் செட் வண்டியிலேயே இருக்கிறது. ஆனால், வாசலைத் தாண்டும் முன் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் அவர் கிளம்புவதில்லை.