அகஸ்டாவைச் செதுக்கிய டாக்டர்... போட்டியைப் பார்க்காமலே போன சோகம்!

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் சாண்டா குரூஸ் என்ற கடற்கரை நகரம். ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது பாசாடியெம்போ கோல்ஃப் மைதானம். ஸ்பானிய மொழியில் 'பொழுதுபோக்கு' என்று அர்த்தம். ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்றால் கீழே மான்டெரே விரிகுடா நீலமாகத் தெரியும். போகப் போகத்தான் வேடிக்கை. பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டும். குறி தவறினால் போனது போனதுதான்!

ஆறாவது குழிக்கான புல்வெளியை ஒட்டி ஒரு வீடு. இந்த மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி கடைசிக் காலத்தில் வாழ்ந்தது அங்கேதான்.

இங்கிலாந்தில் பிறந்த மெக்கன்சி படித்தது மருத்துவம். போயர் போரில் ராணுவ டாக்டராக இருந்தபோது, எதிரிகள் நிலத்தின் மேடு பள்ளங்களை வைத்தே ஒளிந்துகொள்வதைக் கவனித்தார். முதல் உலகப்போரில் அந்த வித்தையைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கோல்ஃபிலும் அதே தந்திரம்தான். அவர் அமைத்த மணற்குழிகள் பார்க்கப் பயமுறுத்தும். கிட்டே போனால்தான், நினைத்ததைவிட எளிது என்று புரியும்.

இவரை பாபி ஜோன்ஸுடன் சேர்த்துவைத்தது ஒரு தோல்வி. பரிசுப் பணம் வாங்காத அமெச்சூராகவே ஆடி, உலகின் தலைசிறந்த வீரர்களை வென்றவர் ஜோன்ஸ். 1929-ல் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில், முதல் சுற்றிலேயே ஜானி குட்மேன் என்ற 19 வயது இளைஞரிடம் தோற்றார். கோப்பையைத் தூக்குவார் என எதிர்பார்க்கப்பட்டவருக்கு, திடீரென்று கை நிறைய ஓய்வு நேரம்!

பக்கத்திலேயே மெக்கன்சி உருவாக்கிய சைப்ரஸ் பாயின்ட் மைதானம். அங்கே ஆடிப் பார்த்தார். பிறகு செப்டம்பர் 8-ம் தேதி பாசாடியெம்போவின் திறப்பு விழா ஆட்டம். அதை உருவாக்கிய முன்னாள் மகளிர் சாம்பியன் மரியன் ஹாலின்ஸுடன் ஜோன்ஸும் களமிறங்கினார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் மெக்கன்சியும் இருந்தார்.

இருவருக்கும் பொதுவான காதல் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம். அதை அங்குலம் அங்குலமாக அளந்து 1924-ல் வரைபடம் போட்டவர் மெக்கன்சி. அதே இடத்தில் 1921-ல் பாதியிலேயே ஆட்டத்தைக் கைவிட்டு, 1927-ல் திரும்பிப் போய் ஓபன் கோப்பையை வென்றவர் ஜோன்ஸ்.

1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ஜோன்ஸ், 28 வயதில் ஓய்வு பெற்றார். சொந்த மாநிலமான ஜார்ஜியாவின் அகஸ்டாவில், பழைய நர்சரித் தோட்டம் ஒன்றில் மைதானம் அமைக்க நினைத்தபோது மெக்கன்சியைத்தான் அழைத்தார். மெக்கன்சி கோடு போட, ஜோன்ஸ் பந்தை அடித்து அடித்துச் சோதித்தார். சாதாரண ஆட்டக்காரரும் ரசித்து ஆட வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அதனால் 22 மணற்குழிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு இது ரொம்பக் குறைவு.

ஆனால் அது பொருளாதாரப் பெருமந்த காலம். மெக்கன்சியின் கட்டணம் பாதியாகக் குறைந்தது. அதுவும் முழுதாகக் கைக்கு வரவில்லை. 1932-ல் புல் முளைப்பதற்கு முன் அகஸ்டாவைப் பார்த்ததுதான் கடைசி. 1934 ஜனவரி 6-ம் தேதி சாண்டா குரூஸில் இறந்தார். இன்று 'மாஸ்டர்ஸ்' எனப்படும் போட்டி, இரண்டரை மாதம் கழித்து அகஸ்டாவில் முதல் முறையாகத் தொடங்கியது. ஓய்வை ஒத்திவைத்து ஜோன்ஸும் அதில் ஆடினார்.

மெக்கன்சியின் அஸ்தியைப் பாசாடியெம்போவில்தான் தூவினார்கள் என்று சொல்கிறார்கள்.

அகஸ்டாவில் உறுப்பினரோ, உறுப்பினரின் விருந்தினரோ அல்லாதவர் மட்டையைத் தூக்க முடியாது. பாசாடியெம்போ அப்படியில்லை. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஆடலாம். கட்டணம் கொஞ்சம் கையைக் கடிக்கும்தான். போகிறவர்கள் 16-வது குழியில் சற்று நேரம் நின்று பாருங்கள். மெக்கன்சிக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.