கோதன்பேர்க்: வணிகர் விட்டுச்சென்ற நகரம்

ஒஸ்லோவிலும் கொப்பன்ஹேகனிலும் ஸ்டொக்ஹோமிலும் குடியேறிவிட்ட பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவரச் செல்லும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அங்ஙனம் செல்வோர் தலைநகர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவர். இம்மூன்று நகரங்களுக்கும் இடையில், எதிலிருந்து புறப்பட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்தில் சென்றடையத்தக்க தூரத்தில், சுவீடன் நாட்டின் மேற்குக் கரையிலே கோதன்பேர்க் என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. அந்நாட்டின் இரண்டாவது பெருநகரம் இதுவே. சுவீடிய மக்கள் இதனை ‘யோத்தெபோரி’ என்று ஒலிப்பர். புகையிரத நிலையத்தில் அறிவிப்பைக் கேட்பவர் இப்பெயரை நினைவில் வைத்திருத்தல் நன்று.

இங்கே அரசர்களின் பெரிய அரண்மனைகளைத் தேடுவார் ஏமாற்றமடைவர். இது வணிகர் வளர்த்த நகரம். அவர்கள் பொருளை எங்கே ஈட்டினார்கள், ஈட்டியதை எதில் இட்டுச் சென்றார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் மனத்திற் கொண்டு நடந்தால், இந்நகரின் ஒவ்வொரு தெருவும் நமக்கு விடை சொல்லும்.

கால்வாய்க் கரையில் தொடங்குக

1621ஆம் ஆண்டிலே இரண்டாம் குஸ்தாவ் அடோல்ப் மன்னன் இந்நகருக்குச் சாசனம் வழங்கினான். யோத்தா ஆறு கடலோடு கலக்கும் இடத்துச் சேற்று நிலத்தில் நகர் அமைப்பது எளிதாக இருக்கவில்லை. எனவே நீரையும் சேற்றையும் அடக்கியாளும் வித்தையில் வல்லவரான ஒல்லாந்தரை மன்னன் வரவழைத்தான். அவர்கள் கால்வாய்களை வெட்டி, நகரைச் சுற்றி அகழியும் கொத்தளங்களும் அமைத்தனர். தொடக்கத்தில் நகரசபையிலும் ஒல்லாந்தரே மிகுந்திருந்தனர். அதே நூற்றாண்டில், 1658இல், யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கட்டிய கோட்டையையும் அகழியையும் கண்டு பழகிய நம் கண்களுக்கு, கோதன்பேர்க் அகழியின் கோணல்மாணலான வளைவுகள் முற்றிலும் புதியனவாகத் தோன்றமாட்டா.

கால்வாய்கள் சில தூர்க்கப்பட்டுவிட்டன. பெரிய துறைமுகக் கால்வாயும் அகழியும் எஞ்சியுள்ளன. இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை, ‘பாடான்’ எனப்படும் தட்டையான படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு இவற்றினூடே செல்கின்றன. பாலங்கள் மிகத் தாழ்வானவை. அவற்றுள் ஒன்றுக்குப் ‘பாற்கட்டி சீவும் பாலம்’ என்று ஊரார் பெயரிட்டிருக்கின்றனர். அதன் கீழ்ச் செல்லும்போது பயணிகள் இருக்கையை விட்டிறங்கிப் படகின் அடித்தளத்திற் குந்த வேண்டும். முழங்கால் நோவுடைய முதியோர் இதனை எண்ணிப் பார்த்தபின் ஏறுவது நல்லது. நகரைப் பற்றிய ஒரு பொதுவான அறிவைப் பெற இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பரங்கிப்பேட்டையை நினைவூட்டும் மாளிகை

பெரிய கால்வாயின் வடகரையிலே மஞ்சட் செங்கல்லாலான நீண்ட கட்டடம் ஒன்று நிற்கின்றது. சுவீடியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலையாகவும் ஏல மண்டபமாகவும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பப்பட்ட இம்மாளிகை இன்று நகர அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. தமிழர் எவரும் இதனைக் காணாது திரும்புதல் கூடாது. ஏனெனில் இக்கம்பெனியின் தொடக்ககாலக் கதையில் நம் கரையும் இடம்பெற்றிருக்கின்றது.

1731இல் கம்பெனி தோன்றியது. அதன் கப்பல்களுள் ஒன்றான ‘உல்ரிகா எலியனோரா அரசி’ 1733இல் சோழமண்டலக் கரையை அடைந்தது. அக்கப்பலில் வந்தோர் சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையிலே பண்டகசாலை ஒன்றை நிறுவினர். புதிய போட்டியாளன் ஒருவன் வருவதை அங்கிருந்த பழைய வணிகர் பொறுக்கவில்லை. தமக்குள் ஓயாது பூசலிட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஒரு காரியத்தில் ஒன்றுபட்டு, அவ்வாண்டிலேயே பண்டகசாலையைத் தாக்கிக் கைப்பற்றிக்கொண்டனர். சூடுகண்ட சுவீடியர் அதன்பின் தம் கவனத்தைப் பெரும்பாலும் சீன நாட்டுக் கன்ரன் துறைமுகத்தின்மீது திருப்பினர். 1813இல் கம்பெனி முடிவெய்தும் வரையில் 132 பயணங்கள் நிகழ்ந்தன. பட்டும் பீங்கானும் வந்தன. யாவற்றிலும் மேலாகத் தேயிலை வந்தது. அத்தேயிலையிற் பெரும்பகுதி சுவீடனில் அருந்தப்படவில்லை. கடுமையான தீர்வை விதித்திருந்த இங்கிலாந்துக்குள் அது களவாகக் கடத்தப்பட்டது. ஆகவே இந்நகரின் முதற் பெருஞ்செல்வம் முற்றிலும் தூய வழியில் வந்ததென்று சொல்ல முடியாது.

கம்பெனியின் கப்பல்களுள் நகரின் பெயரையே தாங்கிய ஒன்று, சீனத்திலிருந்து நிறைந்த சரக்குடன் திரும்பி, 1745ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், வீட்டு வாசலிலே, துறைமுகத்தின் நுழைவாயிற் பாறையில் மோதி மூழ்கியது. உயிர்ச் சேதம் ஏற்படவில்லை. சரக்கில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை மீட்டெடுத்து விற்றனர். அதிலேயே பயணச் செலவு முழுவதும் அடைந்து இலாபமும் மிஞ்சியதாம். அவ்வணிகத்தின் ஆதாயம் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அக்கப்பலைப் போன்றதொரு கப்பலைப் பழைய முறையிலேயே மரத்தாற் கட்டி 2003இல் நீரில் இறக்கி, 2005 முதல் 2007 வரை சீனத்துக்குச் சென்று மீளவும் செய்தனர் இந்நகரத்தார்.

இனி, ஈட்டிய பொருள் சென்ற இடத்தைக் காண்போம். கம்பெனியின் இயக்குநருள் ஒருவரான நிக்லாஸ் சால்கிரென் விட்டுச்சென்ற பொருளால் 1782இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. சால்கிரென்ஸ்கா என்ற பெயருடன் வளர்ந்து, இன்று வட ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக அது இயங்குகின்றது. மற்றோர் இயக்குநரான வில்லியம் சால்மர்ஸ், ஏழைப் பிள்ளைகள் கல்வியும் கைத்தொழிலும் பயிலவேண்டுமென்று மரணசாசனம் எழுதிவைத்தார். 1829இல் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய சால்மர்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகம். இவர்கள் விற்ற தேயிலையை இன்று நினைப்பார் இல்லை. பெயர்களோ நாள்தோறும் நோயாளர் நாவிலும் மாணவர் நாவிலும் வழங்குகின்றன.

ஹாகா என்னும் பழைய புறநகர்

அரும்பொருட்சாலையிலிருந்து கால்நடையாகவே ஹாகாவை அடையலாம். தொழிலாளர் வாழ்ந்த இப்பகுதியிலே வீடுகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கீழ்மாடி கல்லாலும், மேலிரு மாடிகள் மரத்தாலும் ஆனவை பல. தீ விபத்துக்கு அஞ்சி, மரவீடுகள் இரண்டு மாடிக்கு மேற்படலாகாதென்று சட்டம் இருந்தது. கீழ்மாடியைக் கல்லாற் கட்டினால் மரத்தாலானவை இரண்டே என்று 1870களில் ஒரு வழி கண்டனர். மாகாண ஆளுநர் அதற்கு இசைவு தந்தமையால், அவை ‘ஆளுநர் வீடுகள்’ என்று பெயர் பெற்றன. இங்கேயும் வணிகர் கை தெரிகின்றது. டிக்சன் குடும்பத்தின் அறக்கட்டளை தொழிலாளருக்கு வீடுகளைக் கட்டியது. ரென்ஸ்திரம் என்பார் விட்டுச்சென்ற நிதியால், வீட்டிற் குளிக்க வசதியற்ற மக்களுக்காக 1876இல் ஒரு குளியல் மாளிகை எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஹாகாவை அடியோடு இடித்துவிடத் திட்டமிட்டனர். ஊர்மக்கள் எதிர்த்துப் போராடியிராவிட்டால், இன்று பயணிகள் விரும்பி உலாவும் இத்தெரு இராது. ஒரு பகுதி இடிக்கப்பட்டது; எஞ்சிய பகுதி பிழைத்தது.

என்ன உண்பது?

ஹாகாவில் நடந்து களைத்தவருக்கு வெதுவெதுப்பான கோப்பிக் கடைகள் காத்திருக்கின்றன. கோப்பியும் இனிப்புப் பணியாரமும் எடுத்து, அவசரமின்றி உரையாடியிருத்தலைச் சுவீடியர் ‘ஃபீகா’ என்பர். ஹாகாவின் கறுவாப் பணிஸ் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுடையது. இருவருக்கு ஒன்று போதும். ஆனால் நாம் பரிந்துரைப்பது ஏலக்காய்ப் பணிஸ். அந்த வடகடற் குளிரிலே, நம் வீட்டுப் பாயசத்தின் மணம் ஓர் அடுப்பிலிருந்து எழுவதை முகர்வது தனியோர் இன்பம்.

மீன் உண்போருக்கு இந்நகர் ஒரு விருந்து மண்டபம். அகழிக் கரையிலே தேவாலயம் போன்ற தோற்றமுடைய கட்டடம் ஒன்றைக் காணலாம். உள்ளே சென்றால் வழிபாடு இல்லை, மீன் விற்பனையே உண்டு. 1874இல் கட்டப்பட்ட இதனை ஊரார் ‘மீன் கோவில்’ என்றே அழைப்பர். சில ஆண்டுகள் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்து, 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. குளிர்ந்த கடலின் இறாலைப் பாண் துண்டின்மீது குவித்து, முட்டையுடனும் எலுமிச்சையுடனும் தருவர். ஊறவைத்த ஹெரிங் மீன் புளிப்பும் இனிப்பும் கலந்திருக்கும். முதற் கவளத்தில் தீர்ப்புச் சொல்லிவிடாது இரண்டாவதையும் உண்டு பார்க்க வேண்டும்.

சைவ உணவுக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. ‘வெகெதாரிஸ்க்’ என்ற சொல்லை மட்டும் கற்றுக்கொண்டாற் போதும். பெரும்பாலான உணவுச்சாலைகளில் அதற்கென ஒரு வகை உண்டு. எனினும் மூன்று எச்சரிக்கைகள். சுவீடியரின் புகழ்பெற்ற இறைச்சி உருண்டையில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்திருப்பது வழக்கம். வியாழக்கிழமைகளில் மரபாகப் பரிமாறப்படும் மஞ்சட் பட்டாணிக் கஞ்சி பார்வைக்குப் பருப்புப் போலிருப்பினும் பன்றியிறைச்சி சேர்த்தே காய்ச்சப்படும், கேட்டறிந்து உண்க. அதனுடன் வரும் மெல்லிய அப்பமும் பழப்பாகும் முட்டை உண்ணும் எவருக்கும் ஏற்றவை. மரக்கறி இரசம் என்று தோன்றுவனவற்றிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கக்கூடும்.

பணத்தை மிச்சம் பிடிக்க விரும்புவோர் தலையாய உணவை இரவுக்கு வைத்தலாகாது. கிழமை நாள்களில் பகல் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை ‘அன்றைய மதிய உணவு’ என்று ஒரே விலையில் ஒரு வகையைத் தருவர். பாண், பச்சைக் காய்கறிக் கலவை, கோப்பி ஆகியன பெரும்பாலும் அவ்விலையிலேயே அடங்கும். அதே உணவுச்சாலையில் இரவில் உண்டால் விலை மிக உயரும். குழாய்த் தண்ணீர் தூயது, கேட்டால் தருவர். 1889இல் திறந்த பெரிய சந்தை மண்டபத்தினுள் பாற்கட்டி, பழம், பாண் முதலியவற்றை வாங்கி, அண்மையிலுள்ள பூங்காவில் அமர்ந்து உண்பதும் மிக நன்று.

பூங்காக்களும் தீவுகளும்

அப்பூங்காவிலே 1878இல் அமைந்த கண்ணாடி மாளிகை ஒன்றுண்டு. நம் முற்றங்களில் கேட்பாரற்று வளரும் பனைக்குலத் தாவரங்களை அங்கே வெப்பமூட்டி, குழந்தைகளைப்போலப் பேணுகின்றனர். நகரின் தலைச்சாலையாகிய அவெனீனின் உச்சியிலே, கார்ல் மில்லெஸ் வடித்த கடற்றெய்வத்தின் வெண்கலச் சிலை 1931 முதல் நிற்கின்றது. அதன் பின்னுள்ள ஓவியக்கூடத்தில் சோர்ன், லார்சன் முதலிய சுவீடிய ஓவியரின் ஆக்கங்களைக் காணலாம். ஃபூர்ஸ்தென்பேர்க் என்னும் வணிகரும் அவர்தம் மனைவியாரும் தாம் திரட்டிய ஓவியங்களை நகருக்கே கொடுத்துவிட்டனர். பிள்ளைகளுடன் செல்வோர் 1923இல் திறந்த லீசபேர்க் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு மாலையை ஒதுக்கலாம். கையிற் காசு குறைந்தவர்க்கு ஸ்லொட்ஸ்கோகன் என்னும் பரந்த பூங்கா உண்டு. அங்கே கடமான் போன்ற பெருமான்களைக் கட்டணமின்றிக் காணலாம்.

இரண்டாம் நாளைத் தீவுகளுக்கே கொடுத்துவிட வேண்டும். நகர் நடுவிலிருந்து ட்ராம் வண்டியேறிச் சால்ட்ஹொல்மன் துறையில் இறங்கினால், அதே பயணச்சீட்டிலேயே படகிலும் செல்லலாம். தென் தீவுகளில் மோட்டார்க் கார்கள் ஓடுவதில்லை. பிரென்னோ, ஸ்டீர்சோ, விரோங்கோ என்பன அவற்றுட் சில. வழுவழுப்பான கருங்கற் பாறைகள், சிவப்பும் வெள்ளையுமான மீனவர் வீடுகள், அலையின் ஓசை: இவையே அங்குள்ள காட்சிகள். பிறர் வீட்டு முற்றத்தையும் பயிரையும் அணுகாது, எதையும் அழிக்காது, யாரும் எங்கும் நடக்கலாம் என்னும் உரிமை சுவீடனிலே பழமையானது. கட்டுச்சோறு கொண்டுசெல்லுதல் நலம். தீவுகளிற் கடைகள் சிலவே.

சில நடைமுறைக் குறிப்புகள்

மே இறுதி முதல் ஓகஸ்ட் வரை செல்லுதற்கு ஏற்ற காலம். யூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசெம்பரிலோ பகற்பொழுது ஆறு மணி நேரத்தைச் சிறிதே கடக்கும். கோடையிலும் மேற்குக் கடல் மழையைச் சொல்லாமல் அனுப்பும். குடையைவிட மழைச்சட்டை நன்று, காற்று குடையை மடக்கிவிடும். யூனில் வரும் நடுக்கோடைத் திருநாளில் நகரமே கதவடைத்துக் கிராமப்புறம் சென்றுவிடும். பணத்தாளை ஏற்காத கடைகள் மிகப் பல. வங்கி அட்டை இன்றிச் செல்லற்க.

விடைபெறுமுன் ஆற்றைப் படகில் கடந்து வடகரைக்குச் சென்று வருக. ஒரு காலத்தில் உலகின் பெருங் கப்பல் கட்டும் தளங்களுள் எண்ணப்பட்டவை அங்கிருந்தன. 1970களின் நெருக்கடியில் அவை ஒவ்வொன்றாக வீழ்ந்தன, ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தனர். எரிக்ஸ்பேர்க் தளத்தின் மாபெரும் பாரந்தூக்கி மட்டும் அசையாமல் நிற்கின்றது. அதற்குச் சற்றுக் கிழக்கே லின்ட்ஹொல்மன் தளம் இருந்த இடத்திலே இன்று மாணவர் கூட்டம் நடமாடுகின்றது. தேயிலை வணிகர் சால்மர்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்காக எழுதிவைத்த அப்பள்ளியின் கிளையே அங்கும் அமைந்திருக்கின்றது. கம்பெனி மறைந்தது, கப்பற்றளமும் மறைந்தது. கல்விக்கு இட்ட பொருள் இன்னும் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கின்றது.