பச்சைச் சீட்டு

சுவிற்சர்லாந்தின் கிறொய்ஸ்லிங்கன் நகரையும் ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் நகரையும் பிரிப்பது மலையுமன்று, கடலுமன்று. 2020 இல் கொரோனாவின் பேரால் சில வாரங்கள் அங்கே வேலி எழுந்தது. மற்றப்படி கால்நடையாகவே நாடு கடக்கலாம். கடந்ததும் இறைச்சியின் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

2024 மார்கழி விடுமுறையைச் சூரிச்சில் தமையனார் வீட்டிற் கழித்தேன். மச்சாள் காரியாலயங்களைத் துப்புரவு செய்யும் தொழிலாளி. நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை அவரோடு ரயிலேறிக் கொன்ஸ்ரான்சுக்குச் சென்றேன். பிள்ளைகளுக்குச் சப்பாத்து, சவர்க்காரம், பற்பசை, கோழியிறைச்சி: வாங்கியவற்றில் ஆடம்பரம் எதுவுமில்லை.

கடைகளைக் காட்டிலும் என் மனத்தில் நிற்பது சுங்கச் சாளரமே. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழ்பவர் 50 யூரோவுக்கு மேற் பொருள் வாங்கினால் கடையில் ஒரு பச்சைச் சீட்டைப் பெறலாம். சுங்கத்தார் அதில் முத்திரை குத்தினால், செலுத்திய பெறுமதி சேர் வரி (பொதுவாக 19 வீதம், உணவுக்கு 7 வீதம்) அடுத்த முறை அதே கடையில் திரும்பக் கிடைக்கும். அந்த வரிசையில் உயர்ந்த காரொன்றின் சாவியைச் சுழற்றியபடி ஒரு கனவானும் நின்றார். அவருக்கு அது பொழுதுபோக்கு.

“இஞ்ச வாங்கினாத்தான் தம்பி, அங்க வாடகை குடுக்கலாம்” என்றார் மச்சாள்.

இவ்வாறு எல்லை கடப்போரைத் தேசப்பற்றற்றோர் என ஏசுவார் சுவிற்சர்லாந்தில் உளர். அத் தேசப்பற்று கூலி பற்றிய பேச்சு எழும்போது எங்கே போகிறதோ! மணிக்கு 22 பிராங்கு குறைந்தபட்சக் கூலி என்னும் யோசனையை 2014 இல் வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் நிராகரித்தனர். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமற் காத்துவந்த கொள்கையைக் கைவிட்டது. ஒரே நாளில் எல்லைக்கு அப்பாலுள்ள சரக்கெல்லாம் மலிந்தது. அந்த முடிவை எடுக்கும்போது துப்புரவுத் தொழிலாளியை யார் கேட்டார்கள்?

மலிவின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கிறொய்ஸ்லிங்கனில் ஒரு கடை மூடப்பட்டால் வேலையிழப்பவளும் மச்சாளைப் போன்றவளே. எங்கள் சரக்குக்குக் கணக்குப் போட்ட கொன்ஸ்ரான்ஸ் பெண்ணின் நாட்டில் அவ்வாண்டு சட்டம் உறுதிசெய்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. நத்தார் நெரிசலில் அவள் தலை நிமிரவேயில்லை. மச்சாள் சேமித்த காசில் அவளுடைய கைவலியும் ஒரு பங்கு.

2025 ஜனவரி 1 முதல், சுவிஸ் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருளின் பெறுமதி 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டால் முழுத் தொகைக்கும் வரி. கார்ச் சாவிக் கனவான் அதைக் கட்டிவிட்டுப் போவார். மச்சாள் இப்போது பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். அந்த 150 ஆளுக்கு ஆள் கணக்கிடப்படுவது.